எட்டாம் சுவடு

கம்பசிலையிருந்து வந்த பிள்ளை
பிளாஸ்ரிக் கதிரையின்ரை நுனியிலை இருந்து
படிவத்தை என்ரை பக்கம் திருப்பினாள்.
மாவட்ட மெய்வல்லுநர் அணி, எண்பத்தெட்டு.
பெயர். ஆண், பெண். நிகழ்ச்சி.
பிறந்த திகதி. இறந்த திகதி.
காரணத்துக்கு மூண்டே மூண்டு பெட்டி:
இயற்கை, விபத்து, வேறு.

"சம்பியன் ஆம்பிளையள் மற்ற ஆம்பிளையளை விட
கனகாலம் இருப்பினமாம், அன்ரி.
பொம்பிளைச் சம்பியனுக்கு அந்த லாபம் குறைவாம்.
வேறை நாடுகளிலை எண்ணியிருக்கினம்.
எங்கடை ஆக்களை ஒருத்தரும் எண்ணேல்லை."

எண்ணினதுதான் பிள்ளை.
வேறை வேறை ஆக்கள்,
வேறை வேறை கொப்பியளிலை.

நேசதுரை, கோலூன்றிப் பாய்தல்.
மல்லாவிச் சந்தை மூங்கில். விழுந்தால் ஏந்த உமிச்சாக்கு.
மூங்கில் நிமிந்து அவனை மேலை விட்ட கணத்திலை
வவுனிக்குளத்து அலைகரை தெரியுமெண்டு புளுகுவான்.
இறந்த திகதி தெரியாது.
தெரியாததுக்குப் பெட்டி இல்லை.

அருள்நங்கை, குண்டு போடுதல்.
அந்தச் சொல்லை அறிவிப்பாளர் மைக்கிலை சொல்ல
ஒருக்கால் சனம் முழுக்க வானத்தைப் பார்த்தது.
அவள் இருக்கிறாள். இடக்கை முழங்கையோடை சரி.
'எறியிற கை வலக்கைதானே' எண்டு
கேக்காதவைக்கும் சொல்லுவாள்.
கிடாயை ஒற்றைக் கையாலை தூக்கி
ஓட்டோவுக்குள்ளை ஏத்துவாள்.

ஆம்பிளையளின்ரை அஞ்சல் ஓட்டம், நாலு பேர்.
மூண்டு பேருக்கு 'வேறு'.
மற்றவன் பரஞ்சோதி,
கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்தி செய்ய
கிளிநொச்சி பஸ் ஏறுறான்.
கிணத்துத் தண்ணி எண்டினம். வயல் மருந்து எண்டினம்.
அவனை எதுக்குள்ளை போடுறது?
"அவர் இப்ப உயிரோடைதானே" எண்டுபோட்டுப்
பிள்ளை நாக்கைக் கடிச்சாள்.

பொம்பிளையளிலை மூண்டு பேர் இருக்கிறம்.
நாலாவது தவக்கிளி. பிள்ளைப்பேறு.
'இயற்கை'யிலை சரி போட்டாள்.
அண்டைக்கு றோட்டு மூடியிருந்தது எண்டு
நான் சொல்லேல்லை.

"பாருங்கோ அன்ரி, எங்கடை பக்கம்
தலைகீழாய் வருது."
கண் மினுங்கினது. பிழை சொல்ல ஏலாது.
ஸ்ரொப்வோச்சைக் கண்டால் நானும் அப்பிடித்தான்.

நானூறு மீற்றர் ஓடியிருக்கிறியோ பிள்ளை?
எட்டாம் சுவட்டிலை நிக்கிறவள்
எல்லாருக்கும் முன்னுக்கு நிக்கிற மாதிரி இருக்கும்.
இவள் வெண்டிட்டாள் எண்டு பாக்கிற சனம் சொல்லும்.
தூரம் ஒண்டுதான்.
வளைவு முடியுமட்டும் ஒருத்தரையும் காணமாட்டாய்,
பின்னாலை காலடி மட்டும் கேக்கும்.
எனக்கு இப்ப அதுவும் கேக்கிறேல்லை.

என்ரை வரி. எண்ணூறு மீற்றர்.
போன மாதம் ஆஸ்பத்திரியிலை
நேர்ஸ் ரெண்டு தரம் நாடி பிடிச்சா. நாப்பத்தொன்பது.
"என்னம்மா, இவ்வளவு ஆறுதலாய் அடிக்குது?"
அது இன்னும் கடைசிச் சுற்றுக்கு மிச்சம் பிடிக்குது எண்டன்.
அவவுக்கு விளங்கேல்லை. பிறசர்க் குளிசை தந்து விட்டா.

கடைசிப் பெயரைப் பிள்ளைதான் வாசிச்சாள்.
குணநாயகம். ஆண். எண்ணூறு மீற்றர்.
விடியப்பறம் கிறவல் றோட்டிலை
என்னை முதல் ஓட விட்டு
பேந்து வெளிக்கிட்டு
பாலைமரத்தடியிலை பிடிச்சுப்போடுவான்.
ஒரு நாளும் பிழைச்சதில்லை.
பங்குனி மாதம். முப்பத்தொரு வயசு.
'வேறு'க்கு மேலை பேனை நிண்டது.
"இவர் உங்கடை..."
மனுசன்.

எண்ணூறு எண்டால் ரெண்டு சுற்று.
அவன் மணி அடிச்ச இடத்திலை நிண்டுட்டான்.
எனக்கு இந்த ஆவணியோடை ஐம்பத்தெட்டு.
ரெண்டாம் சுற்று முடிய இன்னும் நாலு வருசம்.
அதுக்குப் பிறகு ஓடுறது
எந்தப் போட்டியெண்டு எனக்குத் தெரியாது.

பிள்ளை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு
ஸ்கூட்டியிலை போனாள். புழுதி அடங்கப்
பின்னேர நடைக்கு வெளிக்கிட்டன்.
டொக்டர் கெதியாய் நடக்கச் சொன்னவர்.
பாலையடி வரேக்கை மட்டும்
கொஞ்சம் ஆறுதலாய் நடப்பன்.